வீட்டுக் கணினியில் பயணிகள் விமானம்: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பெரிய பயணிகள் விமானமொன்றை அதன் மின்சாரம், ஹைட்ராலிக் அழுத்தம், எரிபொருள், வழிகாட்டும் கணினி என எல்லா உள்ளமைப்புகளோடும் வீட்டுக் கணினியில் இயக்கிப் பழகும் வழக்கம் சுமார் முப்பத்தைந்து ஆண்டு வரலாறு உடையது. இதற்கான மென்பொருளைத் தமிழில் பறப்புப் பாவனையாக்கி என்றும் ஒப்புருவாக்கி என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாருக்கும் அது சிமுலேட்டர்தான் என்பதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே வருகிறது.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் விமான நிலையம் இல்லை. தூத்துக்குடி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர், மதுரை சுமார் 95, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இருக்கும் திருவனந்தபுரம் சுமார் 100. ஒன்பது நிலை ராஜகோபுரம் கொண்ட சங்கரநாராயணர் கோவிலின் ஊர் என்பதால், விமானம் என்றால் கருவறைக்கு மேல் எழும்பும் கட்டுமானம் என்ற பழைய பொருளும் இங்கே அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. மற்ற விமானத்தைப் பார்க்க வேண்டுமானால் அண்ணாந்து பார்க்க வேண்டும், இல்லையேல் பேருந்து ஏற வேண்டும்.

சிமுலேட்டரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் படத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள்: கோடுகளாலான நிலம், பிறகு வண்ணம், பிறகு மலை, பிறகு செயற்கைக்கோள் படம். ஓடுதளத்தையே கண்டிராத ஊரிலிருந்து பார்க்கும்போது அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. விமான நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களுக்குள் பூட்டிக் கிடந்த செய்முறை அறிவு, அதாவது எந்த விசையை எப்போது, எதற்குப் பிறகு, ஏன் தட்ட வேண்டும் என்பது, எப்படி வெளியே வந்தது? இக்கட்டுரை அந்த வழியைத் தொடர்கிறது.

ஆர்கன் பட்டறை

முதல் சிமுலேட்டரில் கணினி கிடையாது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்து வந்தது. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே 1929-இல் அவர் ஆடி அசையும் சிறு விமானப் பெட்டி ஒன்றைச் செய்தார். அதை வாங்க ஆள் இல்லாமல் பொருட்காட்சிகளில் வேடிக்கைச் சாதனமாகவே ஓடியது. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் பணியில் இறக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்க்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது. சாவுக்குப் பிறகுதான் சிமுலேட்டருக்கு மதிப்பு வருகிறது என்பது இந்த வரலாற்றில் மறுபடியும் நடக்கும்.

வீட்டுக் கணினிக்கு இது வந்தது புரூஸ் ஆர்ட்விக் வழியாக. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் அவர் அளித்த ஆய்வேடு, கணினித் திரையில் பறப்புக் காட்சியை உருவாக்குவது பற்றியது. அவருடைய சப்லாஜிக் நிறுவனம் 1979-80 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்கு ஃபிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. 1982-இல் ஐ.பி.எம். கணினிக்கான பதிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இவற்றில் எல்லாம் பறந்தவை சிறு விமானங்களே. ஒரு எஞ்சின், ஆறு முள் கருவிகள், ஒரு சுக்கான், அவ்வளவுதான். அந்த அளவுக்குப் பொருந்திய கணினிகள் அவை.

பயணிகள் விமானத்தையே மையப்படுத்திய முதல் குறிப்பிடத்தக்க வீட்டு மென்பொருள் 1990-இல் சப்லாஜிக் வெளியிட்ட 'ஃபிளைட் அசைன்மென்ட்: ஏ.டி.பி.' அதில் போயிங் 737, 747, 767, ஏர்பஸ் ஏ320 ஆகியவை இருந்தன. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் கட்டளைகளும் உண்டு. ஆனால் நான்கு விமானங்களும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எடையும் வேகமும் மாறின. ஏ320-ஐ ஏ320 ஆக்கும் எதுவும் அதில் இல்லை.

பெங்களூரு, 14 பிப்ரவரி 1990

அதே ஆண்டில், ஏ320-ஐ ஏ320 ஆக்குவது எது என்பதை இந்தியா மிகக் கொடிய முறையில் அறிந்துகொண்டது. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 எண் விமானம், எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுதளத்துக்குச் சற்று முன்பாகக் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் நிறுவனத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

என்ன நடந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்கால வீட்டுச் சிமுலேட்டர்களின் பயனே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏ320-இல் இறங்குவதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று 'ஓபன் டிசென்ட்'. இதில் எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் நின்றுவிடும். வேகத்தைக் காப்பது விமானத்தின் மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உயரத்திலிருந்து இறங்க இது நல்ல முறை. தரைக்கு அருகில் ஆபத்தானது. அன்று விமானம் கடைசி அணுகலில் இந்த முறைக்குள் போயிருந்தது. ஓடுதளத்தை நோக்கிய சரிவைக் காக்க மூக்கை உயர்த்த உயர்த்த, எஞ்சின் விசை கூடாமல் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் இருவரும் உணர்ந்து விசையை முழுவதும் தள்ளியபோது, சும்மா சுழன்றுகொண்டிருந்த எஞ்சின்கள் முழு வேகம் எடுக்கத் தேவையான சில விநாடிகள் மிச்சம் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. போயிங் விமானங்களில் தானியங்கி விசையைக் கூட்டினால் விமானியின் கைக்கடியில் நெம்புகோலும் முன்னே நகரும். ஏ320-இல் நெம்புகோல் இருந்த இடத்திலேயே இருக்கும். எஞ்சின் என்ன செய்கிறது என்பதைக் கை சொல்லாது. திரையில் இருக்கும் சிறு எழுத்துகளைக் கண் படிக்க வேண்டும்.

இந்தியாவின் ஏ320 விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. விபத்தைப் பற்றி நாளேடுகள் நிறைய எழுதின. ஆனால் 'ஓபன் டிசென்ட்' என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வசதி, ஹைதராபாத்தில் இருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் பயிற்சி நிலையம் போன்ற இடங்களின் கோடிக்கணக்கான ரூபாய் பெறும் கருவிகளில் ஏறக்கூடியவர்களுக்கே இருந்தது.

கையேடுகள் வெளியே வருகின்றன

மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டரில் 1996-இல் போயிங் 737-400-ஐச் சேர்த்தது. 1999-இன் ஃபிளைட் சிமுலேட்டர் 2000-இல் 777-உம் கான்கார்டும் வந்தன. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன. ஆனால் பின்வந்த பதிப்புகளில் கன்ட்ரோல் விசையோடு ஈ-யைச் சேர்த்துத் தட்டினால் எஞ்சின்கள் தாமாகவே உயிர்பெற்றுவிடும். மேலே உள்ள பலகையில் எண்ணற்ற விசைகள் வரையப்பட்டிருந்தாலும் பெரும்பாலானவை வெறும் படம்.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் தனியாட்களும் சிறு குழுக்களும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்டி ஹைன்லின் 1990-களில் டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய ஏரோவின்க்ஸ் சிமுலேட்டரில் 747-400-இன் உள்ளமைப்புகள் வியக்கத்தக்க அளவுக்கு இருந்தன. வெளிக்காட்சிக்கு அவர் பெரிதாக மெனக்கெடவில்லை. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் அந்த அழகற்ற திரையில்தான் நடந்தது என்பேன். 2014-இல் அவரே அதன் அடுத்த தலைமுறையை வெளியிட்டார்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குள் பொருத்தக்கூடிய நுணுக்கமான விமானங்கள் 2000-ஐ ஒட்டி வரத் தொடங்கின. வில்கோவின் 767, அதன் வழிவந்த லெவல்-டி 767, பீனிக்ஸ் குழுவின் ஏர்பஸ் ஆகியவை முன்னோடிகள். இவற்றுக்கெல்லாம் மேலாக நிலைத்த பெயர் பி.எம்.டி.ஜி. ராபர்ட் ரன்டாசோ 1997-இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் முழுப்பெயரிலேயே 'துல்லியக் கையேடுகள்' என்ற சொற்கள் இருக்கின்றன. அதன் 737 (2003), 747-400 (2005), எம்.டி.-11 (2008), புதிய 737 (2011), 777 (2013) ஆகியவற்றோடு நூற்றுக்கணக்கான பக்கங்களில் இயக்கக் கையேடுகள் வந்தன. போயிங்கின் உரிமம் பெற்ற வெளியீடுகள் அவை. விமானத்தை வாங்கியவர் உண்மையில் வாங்கியது அந்தப் புத்தகத்தைத்தான்.

இருட்டாகக் கிடக்கும் விமானத்தை எழுப்புவது இப்போது அரைமணி வேலை ஆயிற்று. மின்கலம், பிறகு வெளிமின்சாரம் அல்லது வாலில் உள்ள துணை எஞ்சின், எரிபொருள் பம்புகள், ஹைட்ராலிக், வழிகாட்டும் கணினியில் பாதை, எடை, வேகங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஓர் உதாரணம்: 737-இன் நிலைமத் திசைகாட்டிகள் பூமியின் சுழற்சியை உணர்ந்து வடக்கு எது என்று தாமே கண்டுகொள்கின்றன. நிலநடுக்கோட்டில் இதற்குச் சுமார் ஐந்து நிமிடம் போதும். துருவத்தை நோக்கிப் போகப்போக பதினேழு நிமிடம் வரை ஆகும். ஒன்பதாம் அட்சரேகையில் இருக்கும் நம் பக்கத்தில் காத்திருப்பு குறைவு. நார்வேயின் வடகோடியில் விமானத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். புவியியல் பாடம் இப்படி நடத்தப்பட்டு நான் கண்டதில்லை.

சி.டி.யும் மின்வெட்டும்

தமிழ்நாட்டின் சிறுநகரங்களுக்கு இவை வந்த வழி நேர்வழி அல்ல. அடிப்படை மென்பொருள் கள்ளப் பிரதி சி.டி.யாகக் கடைகளில் கிடைத்தது. அதில் விளையாட்டு இருக்கும், கையேடு இருக்காது. ஆகவே எதைத் தட்டினால் சக்கரம் இறங்கும் என்பதைத் தட்டித் தட்டியே கண்டுபிடித்த தலைமுறை ஒன்று உண்டு. நுணுக்கமான விமானங்கள் அடிப்படை மென்பொருளைவிட விலை கூடியவை, டாலரில், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஏற்ற அட்டை வேண்டும். அது வீட்டில் இல்லாதவர்கள் இவற்றையும் கள்ளப் பிரதியாகவே தேடினார்கள். இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் நடந்ததை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. கள்ளப் பிரதிக்கு எதிரான வேகமும் எல்லை மீறியது. ஃபிளைட் சிம் லேப்ஸ் நிறுவனம் தன் ஏ320-இன் நிறுவுகோப்பில், கள்ளப் பிரதி வைத்திருப்பவரின் உலாவியிலிருந்து கடவுச்சொற்களை எடுக்கக்கூடிய நிரலைச் சேர்த்திருந்தது 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதை நீக்கியது.

இன்னொரு தடை மின்சாரம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் 2012 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் அதுவே பெரிய பேச்சு. தறி நின்றால் கூலி நிற்கும். அதன் அருகே சிமுலேட்டர் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அரைமணி நேரம் தயார் செய்த விமானம் வானில் இருக்கையில் கணினி அணைந்துபோவது எப்படியிருக்கும் என்பது மேசைக் கணினிக்காரர்களுக்குத் தெரியும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. பழைய பதிப்புகளுக்கு அது போதும். மின்கலமும் உண்டு. 2016-க்குப் பிறகு ஜியோவால் இணையத் தரவு மலிவானபோது, உண்மையான விமானிகள் விளக்கும் காணொளிகளைப் பார்க்க முடிந்தது. கையேட்டின் ஆங்கிலத்தில் தடுக்கியவர்களுக்கு இது பெரிய கதவு.

தூத்துக்குடியில் இறங்குவது

பக்கத்து விமான நிலையத்தில் பெரிய விமானத்தை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் முதலில் தோன்றும் ஆசை. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி ஓடுதளத்தின் நீளம் நெடுங்காலம் 1,351 மீட்டர். விளையாட்டுத்தனமான 737-ஐ அங்கே எப்படியோ நிறுத்திவிடலாம். நுணுக்கமான 737-இல் கணக்குப் போட்டால்தான் ஏன் நிஜத்தில் யாரும் அதைச் செய்யவில்லை என்பது விளங்கும். ஜெட் விமானம் புறப்படும் முன்பே, சேருமிடத்து ஓடுதளத்தின் 60 சதவீதத்துக்குள் நிற்க முடியும் என்று கணக்கு காட்ட வேண்டும். 1,351-இல் 60 சதவீதம் சுமார் 810 மீட்டர். பயணிகளோடு வரும் 737-800-க்கு அது போதாது. சுழல்விசிறி கொண்ட டர்போபிராப் விமானத்துக்கு 70 சதவீதம் வரை அனுமதி. அதனால்தான் அந்த ஓடுதளத்தில் ஏ.டி.ஆர். வந்து போனது. தூத்துக்குடிக்கு ஏன் பெரிய விமானம் வரவில்லை என்பதற்கு ஊரில் சொல்லப்படும் அரசியல் விளக்கங்களோடு இந்தக் கணக்கையும் வைத்துப் பார்க்கலாம்.

மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர், அங்கே 737 வசதியாக இறங்கும். சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர்தான். விமானிகள் கைக்கணக்காக ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் என்று வைத்துக்கொள்கிறார்கள். 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல்மைல், அதாவது சுமார் 165 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கும் அதே போலத் தூரம் போய்விடும். மிச்சம் இருக்கும் சமதளப் பயணத்தில் காபி குடித்து முடிக்க முடியாது. உள்ளூர் விமானங்களில் பணிப்பெண்கள் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதை அன்றுதான் புரிந்துகொள்வோம்.

காதில் ஒலிக்கும் சென்னை

1990-களின் இறுதியில், தனித்தனியாகப் பறந்தவர்களை இணையம் ஒரே வானில் சேர்த்தது. 1998-இல் ஐ.வி.ஏ.ஓ. உருவானது; 2001-இல் வாட்சிம் தொடங்கியது. இவற்றில் விமானியும் தன்னார்வலர், கட்டுப்பாட்டாளரும் தன்னார்வலர். இரண்டிலும் இந்தியப் பிரிவுகள் உண்டு. சென்னை வான்பரப்பில் யாரோ ஒருவர் கட்டுப்பாட்டாளராக அமரும் மாலையில், அவருடைய அனுமதி இல்லாமல் எஞ்சினைக்கூட உயிர்ப்பிக்கக் கூடாது.

பள்ளி ஆங்கிலத்தில் தயங்கும் தமிழ்வழி மாணவருக்கு இது அச்சமூட்டும் என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் வான்வழி ஆங்கிலம் அளவான சொற்களால் ஆனது. அழைப்புப் பெயர், உயரம், திசை, அலைவரிசை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுதல். ஒன்பதை 'நைனர்' என்று சொல்ல வேண்டும், ஐந்தோடு குழம்பாமல் இருக்க. இலக்கணப் பிழைக்கு யாரும் சிரிப்பதில்லை. திருப்பிச் சொல்லாமல் விட்டால்தான் கண்டிப்பு.

ஐயமும் உரிமமும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வீட்டுச் சிமுலேட்டர்கள் மீது உலகெங்கும் சந்தேகம் விழுந்தது. அடுத்த மாதம் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர் 2002-இலிருந்து உலக வர்த்தக மையக் கோபுரங்களை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. 2014-இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370-இன் தலைமை விமானி வீட்டில் சிமுலேட்டர் வைத்திருந்தது செய்தியானது. அதில் தென் இந்தியப் பெருங்கடலை நோக்கிய புள்ளிகள் இருந்ததை 2018-இன் மலேசிய அறிக்கை குறிப்பிடுகிறது. ஆனால் விமானம் காணாமல்போனதற்கான காரணத்தை அந்த அறிக்கையால் முடிவு செய்ய இயலவில்லை.

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை நடைமுறைக் கேள்வி வேறு: இதனால் விமானி ஆக முடியுமா? வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஆயிரம் மணிநேரம் பறந்திருந்தாலும் அதில் ஒரு நிமிடம்கூடச் சேராது. பயிற்சிக்குப் பல லட்சங்கள் ஆகும். பறக்கும்போது உடலில் விழும் விசையையும் சுக்கானின் எதிர்ப்பையும் வீட்டு நாற்காலி கற்பிக்காது. சிமுலேட்டரில் பழகியவர்கள் வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்க்கும் வழக்கத்தோடு வருகிறார்கள் என்று பயிற்றுநர்கள் குறைசொல்வதும் உண்டு. அதே சமயம், கருவிகளைப் படிக்கவும் செய்முறையின் வரிசையை மனத்தில் நிறுத்தவும் வரும்போதே தெரிந்திருப்பார்கள். சிறுநகரத்துப் பெற்றோரிடம் இரண்டையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

திறந்த மூலத்தில் ஓர் ஏர்பஸ்

மைக்ரோசாஃப்ட் 2009-இல் தன் சிமுலேட்டர் குழுவைக் கலைத்தது. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஆகஸ்ட் 18 அன்று, பிரான்சின் அசோபோ நிறுவனம் உருவாக்கிய புதிய பதிப்பு வந்தது. ஐரோப்பாவில் பெட்டியில் விற்ற பிரதியில் பத்து டி.வி.டி.கள் இருந்தன. செயற்கைக்கோள் படத்தின் மேல் கணினி தானே ஊகித்துக் கட்டடங்களை எழுப்புவதால், சங்கரன்கோவிலின் தெருக்கள் தெருக்களாகவே தெரியும். கோபுரம் கோபுரமாகத் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படத்தைவிடப் பெரிய செய்தி அதே ஆண்டில் தொடங்கிய ஃபிளைபைவயர் திட்டம். மென்பொருளோடு வந்த ஏ320நியோவை எடுத்து, தன்னார்வலர்கள் அதன் உள்ளமைப்புகளை ஒவ்வொன்றாக எழுதித் திறந்த மூல உரிமத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். இந்திய வானில் இன்று மிகுதியாகப் பறக்கும் விமானக் குடும்பம் அது. 2022-இல் ஃபெனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320 விலைக்கு வந்தது. 1990-இல் பெங்களூரில் நடந்ததை, அதாவது 'ஓபன் டிசென்ட்' முறையில் எஞ்சின் சும்மா நிற்க, மூக்கை உயர்த்தும்போது வேகம் கரைவதை, இன்று எவரும் காசு கொடுக்காமல் மேசையில் நிகழ்த்திப் பார்க்கலாம். இன்றைய மென்பொருள் அந்த இடத்தில் குறுக்கிடும் பாதுகாப்பு முறையையும் சேர்த்தே காட்டும்.

2023 ஏப்ரலில் ஹான்ஸ் ஹார்ட்மன் உருவாக்கிய ஏ.டி.ஆர். 42, 72 ஆகியவை வந்தன. தூத்துக்குடி ஓடுதளத்துக்கு உரிய விமானம் நுணுக்கத்தோடு கிடைத்தது. ஆனால் அதற்குள் தூத்துக்குடியே மாறத் தொடங்கியிருந்தது. ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டும் விரிவாக்கத்தோடு கூடிய புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. விமானத்தின் வழிகாட்டும் கணினிக்கான தரவு உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சிமுலேட்டரின் நிலக்காட்சி அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. பழைய பதிப்பு வைத்திருப்பவர் புதிய தரவை ஏற்றினால், கணினி நீண்ட ஓடுதளத்துக்குக் கணக்குப் போட்டுத் தர, கண்ணாடிக்கு வெளியே பழைய 1,351 மீட்டர்தான் தெரியும். இலவச நிலக்காட்சித் திருத்திகளைக் கொண்டு ஓடுதளத்தைத் தாமே நீட்டிக்கொள்வது வழக்கம். அதற்கு வரைபடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஓடுதள முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை வேண்டும்; மூன்றும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் வான்வழித் தகவல் வெளியீட்டில் கிடைக்கின்றன.